போடாத டிக்

மார்ச் 4, செவ்வாய்

வாலு,

இனி உன்னை அப்படிக் கூப்பிடக் கூடாது என்று முடிவு செய்துதான் பேனாவை எடுத்தேன். பன்னிரண்டு வருடப் பழக்கம், கை தானாக எழுதிவிட்டது. இருந்து தொலையட்டும்.

போனில் கூப்பிடாதே. நீ அழுகிறாய், நான் கத்துகிறேன், உன் அண்ணன் நடுவில் வந்து போனைப் பிடுங்கி வைக்கிறார். மூன்று முறை இந்தக் கூத்து நடந்தாயிற்று. எழுத்தில்தானே என்னை மாட்டிவிட்டாய், பதிலையும் எழுத்திலேயே சொல்.

நேற்று மருத்துவமனையிலிருந்து விசாரணைக் கடிதம் வந்தது. 24ஆம் தேதி காலை பத்து மணி. அதுவரை சஸ்பெண்ட். கூடவே ஏழெட்டுத் தாள். ஐந்தாவது தாள், எங்கள் வார்டு மருந்துச் செயலியைச் செய்த உன் கம்பெனியுடையது. ‘பிப்ரவரி 21 மாலைச் சுற்றில் 57ஆம் கட்டில் நோயாளியின் இன்சுலின் வரியில் யாரும் டிக் போட்டதாகப் பதிவு இல்லை. செயலியில் எந்தக் குறையும் இல்லை.’ கீழே உன் கையெழுத்து.

அந்தக் கையெழுத்தை எனக்கு அடையாளம் தெரியாதா? உங்கள் அம்மா இறந்த வருடம் உன்னைக் காலேஜில் சேர்த்தேனே, அந்த விண்ணப்பத்தில் அதற்குப் பக்கத்தில், பாதுகாவலர் என்ற இடத்தில், இருந்தது என் கையெழுத்து.

திரும்பவும் சொல்கிறேன். அந்த வரியில் பச்சை டிக் இருந்தது. என் இரண்டு கண்ணால் பார்த்தேன். டிக் இருந்தால் மருந்து கொடுத்தாயிற்று என்று அர்த்தம், மறுபடி கொடுக்கக் கூடாது. இன்சுலினை இரண்டு தடவை போட்டால் ஆளே போய்விடலாம். அதனால்தான் போடவில்லை. மறுநாள் காலை 57இல் இருந்த தையற்காரம்மாவை நினைவில்லாமல் ஐ.சி.யு.வுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இன்னும் அங்கேதான் கிடக்கிறாள்.

வேலை போவது ஒரு பக்கம். பதினெட்டு வருடம் நர்ஸாக இருந்தவளை, தப்பையும் செய்துவிட்டுப் பொய்யும் சொல்கிறாள் என்று எழுதி, இனி எந்த வார்டிலும் கால் வைக்க முடியாதபடி செய்துவிடுவார்கள்.

ஒரே கேள்விதான். நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்துத்தான் கையெழுத்துப் போட்டாயா?

அண்ணி


மார்ச் 7, வெள்ளி

அண்ணிக்கு,

பொய் என்று நினைக்கவில்லை. சத்தியமாக இல்லை. ஆனால் பதிவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். உங்கள் வார்டு என்று தெரிந்தேதான் போட்டேன், அதை மறைக்க மாட்டேன். மேனேஜர், “பதிவுல இருக்கறதைத்தானே எழுதறோம், இதுல உனக்கு என்ன யோசனை?” என்று கேட்டார். பேனாவை எடுத்துவிட்டேன்.

ஒவ்வொரு டிக்கும் மெயின் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர்ந்து, ‘சேர்ந்துவிட்டது’ என்று பதில் வந்த பிறகுதான் திரையில் பச்சையாகத் தெரியும். நான்தான் அப்படி வைத்தேன், நர்ஸ்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்று. ஆகவே பதிவில் இல்லாத டிக் திரையில் வர வழியே இல்லை.

பட்டியலை ஜனவரியில் மாற்றினேனே, அதில் ஏதாவது என்று நீங்கள் கேட்பீர்கள். உங்கள் வார்டில் அறுபது கட்டில், ஆளுக்கு நாலைந்து மருந்து, மொத்தம் இருநூற்று எண்பது வரி. முன்பு திறந்தவுடன் அத்தனை வரியையும் போன் ஒரே மூச்சில் தயார் செய்யும். வார்டு போன்களோ கிழடு. மூச்சு முட்டிப்போய் நிற்கும். “உன் ஆப் திறக்கறதுக்குள்ள பேஷன்ட் குணமாகி வீட்டுக்கே போயிடுவாரு” என்று கிண்டலடித்தது நீங்கள்தான்.

அதனால் பன்னிரண்டே பன்னிரண்டு வரிப்பெட்டி வைத்தேன். திரையில் ஒரே சமயத்தில் தெரிவது அவ்வளவுதான். நீங்கள் தள்ளத் தள்ள, மேலே மறைகிற பெட்டியைத் துடைத்து, புதுக் கட்டில் எண், புது மருந்து எழுதிக் கீழே கொண்டுவந்து வைக்கும். பன்னிரண்டு தட்டை வைத்துக்கொண்டு முந்நூறு பேருக்குச் சாப்பாடு போடுகிற மாதிரி. ஒருவர் எழுந்தால் தட்டைக் கழுவி அடுத்தவருக்கு. எத்தனை வரி இருந்தாலும் திணறாது.

தட்டைக் கழுவுகிற இடத்தை நூறு தடவை சோதித்துவிட்டேன். பழைய டிக் ஒட்டிக்கொண்டு வருவதில்லை.

ஒருவேளை, கோபப்படாதீர்கள், அவசரத்தில் பக்கத்து வரியின் டிக்கைப் பார்த்திருப்பீர்களோ?

உங்கள் வாலு


மார்ச் 10, திங்கள்

செயலி தயாரிப்பாளர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. பக்கத்து வரியையும் சொந்த வரியையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் பதினெட்டு வருடமாக ஊசி போட்டுக்கொண்டிருக்கும் எனக்கு, தட்டு கழுவுவது பற்றிப் பாடம் எடுத்ததற்கு நன்றி.

உங்கள் கம்பெனிச் செயலியை முதலில் என் வார்டில் வைத்துப் பாருங்கள் என்று தலைமை நர்ஸிடம் நடையாய் நடந்து கெஞ்சியவள் நான். “என் நாத்தனார் செஞ்சது மேடம், தங்கமான பொண்ணு” என்றும் சொல்லியிருக்கிறேன். அதையும் உங்கள் பதிவில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

இன்னும் பதினான்கு நாள் இருக்கிறது.

இப்படிக்கு,
சஸ்பெண்டில் உள்ள வார்டு நர்ஸ்


மார்ச் 12, புதன்

அண்ணி,

நீங்கள் நாலு திட்டு திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ‘அவர்களுக்கு’ என்று எழுதிவிட்டீர்களே. பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

நேற்றும் இன்றும் வேறு வேலை எதையும் தொடவில்லை. உங்கள் வார்டில் இருக்கிற அதே கிழட்டு போன் ஒன்றை வாங்கி, அதே இருநூற்று எண்பது வரியை ஏற்றி, முதல் கட்டிலிலிருந்து அறுபதாம் கட்டில் வரை வரிசையாக டிக் போட்டுப் பார்த்தேன். மெதுவாக, வேகமாக, இடது கையால்கூட. ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்து மேஜைப் பையன், “என்ன மேடம், போனைத் தேய்ச்சா பூதம் வருமா?” என்கிறான்.

உங்களைச் சந்தேகப்பட்டது என் தப்பு. ஆனால் சந்தேகப்படாமல் இருப்பது மட்டும் விசாரணையில் எடுபடாது. எனக்குக் காரணம் வேண்டும்.

அன்று மாலை என்ன செய்தீர்கள் என்று ஒன்றுவிடாமல் எழுதுங்கள். எங்கே நின்றீர்கள், எந்த விரலால் தொட்டீர்கள், யார் என்ன சொன்னார்கள், எல்லாம். அற்பம் என்று எதையும் தள்ளாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

வாலு


மார்ச் 15, சனி

வாலு,

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். உன் அண்ணன் சாப்பிடாமல் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். கடைசியில், “அது என் தங்கச்சி, நீ என் பொண்டாட்டி, நான் எந்தப் பக்கம்னு கேக்காதே. எழுதிப் போடு” என்றார். போடுகிறேன்.

பின்பக்கம் வார்டின் படம் வரைந்திருக்கிறேன், பார். ஒரே நீளமான ஹால். வாசலிலிருந்து உள்ளே போகும்போது இடது சுவரோரம் 1 முதல் 30. கோடியில் திரும்பி வலது சுவரோரம் 31 முதல் 60, மறுபடி வாசலுக்கு. அதனால் முதல் கட்டிலுக்கு நேர் எதிரே அறுபது. நாலுக்கு எதிரே 57. நடுவில் மருந்து வண்டி போகும்.

மற்ற நர்ஸ்கள் எல்லோரும் இடப்பக்கம் முடித்து, கோடிவரை போய், வலப்பக்கம் திரும்பி வருவார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. எதிர்ச் சுவரில் படுத்திருப்பவர்கள் வண்டி தங்கள் முகத்துக்கு முன்னால் போவதைப் பார்த்துக்கொண்டே கிடப்பார்கள். அது சுற்றி வர ஒரு மணி நேரம் ஆகும். வலியோடு இருப்பவனுக்கு அந்த ஒரு மணி நேரம் என்ன என்று கேட்டுப் பார். அதனால் நான் இடது ஒன்று, வலது ஒன்று என்று மாற்றி மாற்றிக் கொடுப்பேன். ஒன்று, அறுபது. இரண்டு, ஐம்பத்தொன்பது. பழைய செயலியில் இது முடியாது, பட்டியலை மேலும் கீழும் தள்ளினால் உறைந்துபோகும். நீ மாற்றிக் கொடுத்த பிறகு ஒரு தள்ளு தள்ளினால் கடைசிக்கு ஓடிவிடுகிறது. நல்லதாயிற்று என்று உன்னை வாழ்த்திக்கொண்டே செய்தேன், போதுமா?

அன்று நாலாம் கட்டில் தாத்தாவுக்குக் கடைசி மாத்திரையைக் கொடுத்து, டிக்கைத் தொட்டு, உடனே கீழே தள்ளினேன். 57 வந்தது. மூன்று வரி. இன்சுலினில் பச்சை டிக், மற்ற இரண்டு மாத்திரைகளில் இல்லை. சாப்பாடு சீக்கிரம் வரும் நாள்களில் மதிய ஷிப்ட் நர்ஸ் சிலருக்கு இன்சுலினை முன்கூட்டியே போட்டுவிட்டுப் போவதுண்டு. அப்படித்தான் என்று நினைத்தேன். இரண்டு மாத்திரையைக் கொடுத்தேன், டிக் போட்டேன், ஐந்தாம் கட்டிலுக்குத் திரும்பினேன். தையற்காரம்மா விழித்துத்தான் இருந்தாள், என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவ்வளவுதான். எட்டு மணிக்கு மாலைப் பட்டியல் திரையிலிருந்து போய்விடும், இரவுப் பட்டியல் வந்துவிடும். அப்புறம் யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

அற்பத்தையும் எழுதச் சொன்னாயே. முதல் ஐந்து கட்டிலுக்குப் பின்னால் எக்ஸ்ரே அறை. அங்கே நெட் அடிக்கடி நொண்டும்.

அண்ணி


மார்ச் 18, செவ்வாய்

அண்ணி,

உங்கள் படத்தைப் பார்த்த ஐந்தாவது நிமிடம் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. போனை எடுத்தேன். நெட்டை வேண்டுமென்றே மந்தமாக்கினேன். நாலாம் கட்டிலில் டிக்கைத் தொட்டுவிட்டு உடனே கடைசிக்குத் தள்ளினேன். எட்டாவது தடவை, யாரும் தொடாத ஒரு வரியில் பச்சை டிக் வந்து உட்கார்ந்தது.

நீங்கள் பார்த்தது நிஜம், அண்ணி.

தட்டைக் கழுவுவதெல்லாம் சரியாகத்தான் நடக்கிறது. நாலாம் கட்டிலின் டிக் மெயின் கம்ப்யூட்டருக்குப் போனது. பதில் வர மூன்று நாலு விநாடி. அதற்குள் நீங்கள் தள்ளிவிட்டீர்கள். நாலாம் கட்டில் உட்கார்ந்திருந்த பெட்டியைத் துடைத்து, 57 இன்சுலின் என்று எழுதிக் கீழே வைத்தாயிற்று. அப்போது பதில் வந்தது. அது ‘நாலாம் கட்டில் எங்கே’ என்று தேடவில்லை. ‘அந்தப் பெட்டி எங்கே’ என்று தேடி, அதில் பச்சையைப் பூசியது. கேட்டவர் எழுந்து போன பிறகு சாப்பாடு வந்து, அந்த நாற்காலியில் இப்போது யார் இருக்கிறாரோ அவர் முன்னால் வைத்த மாதிரி. பதிவில் நாலாம் கட்டில் என்று சரியாகவே ஏறிவிட்டது. திரையில் மட்டும் தப்பு. வேறு பக்கம் தள்ளியதும் அந்த டிக் சுவடில்லாமல் அழிந்துவிடும். என் அலுவலகத்தில் பதில் கண் இமைக்கும் முன் வருவதால் எனக்கு ஒருநாளும் தெரியவில்லை. வரிசையாகப் போகிற நர்ஸ்களுக்கும் வராது, அவர்கள் இப்படித் தாவுவதில்லை. பெட்டியைப் பார்க்காமல் கட்டிலைப் பார் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். சேர்க்காதது நான்.

இனி எழுதப்போவதைப் படித்தபின் நீங்கள் என் முகத்தில் விழிக்க மாட்டீர்கள். மேனேஜரிடம் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு, “சரி பண்ணிடு. ஞாயிறு சாயங்காலம் எல்லா வார்டு போனுக்கும் புது ஆப் போயிடும். அப்புறம் யார் தேடினாலும் கிடைக்காது. நீ ஏற்கனவே கையெழுத்துப் போட்டவ, இப்ப மாத்திப் பேசினா உனக்குத்தான் ஆபத்து” என்றார். நானும் சரி செய்துவிட்டேன். இனி யாருக்கும் இப்படி நடக்காது.

விசாரணையில் ‘சரியாக நினைவில்லை’ என்று சொன்னால் ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்களா, அண்ணி? எனக்குப் பயமாக இருக்கிறது.

வாலு


மார்ச் 20, வியாழன்

ஏய்,

‘நீங்கள் பார்த்தது நிஜம்’ என்ற வரியைப் படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு மாதமாக என்ன நடந்தது தெரியுமா உனக்கு? போன வாரம் முதல் நானே என்னை நம்பவில்லை. கண்ணை மூடினால் டிக் இருக்கும், மறுபடி மூடினால் இருக்காது. புத்தி பேதலித்துவிட்டதோ என்று உன் அண்ணனிடம்கூடச் சொல்லாமல் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

அதற்கு அடுத்த பக்கத்தில், நினைவில்லை என்று சொல் என்கிறாய். உனக்கு எப்படியடி மனசு வந்தது?

எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதைத்தான் சொல்வேன். ஆனால் ஞாயிறு சாயங்காலத்துக்குப் பிறகு அதைக் காட்ட என் கையில் ஒன்றும் இருக்காது. நான் வார்டுக்குள் நுழையக் கூடாது, போனைத் தொடக் கூடாது. உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய்க் காட்டலாம். உன் அண்ணன் அதைத்தான் சொல்கிறார். மாட்டேன். உன்னை நம்பி எழுதியதை வைத்து உன் கழுத்தை அறுக்க எனக்குத் தெரியாது. அது உன் கம்பெனிக்கு வரும் கலை.

நீயாகச் சொன்னால் சொல். இல்லாவிட்டால் இதுதான் நான் உனக்கு எழுதும் கடைசிக் கடிதம்.


மார்ச் 22, சனி

அண்ணி,

கூரியர்காரர் எதிரில் நிற்கிறார், நீட்டி எழுத நேரமில்லை. திங்கள் காலை ஒன்பதுக்குள் சேர்த்துவிடுவதாகச் சொல்கிறார். சேர வேண்டும்.

பெட்டியில் இருப்பது என் சொந்த போன். அதில் பழைய செயலி இருக்கிறது, குறையோடு. பட்டியலில் கட்டில் எண்கள் மட்டும், நிஜ நோயாளி யாரும் இல்லை. தானாகப் புதுப்பித்துக்கொள்ளாதபடி பூட்டியிருக்கிறேன். யார் கேட்டாலும் விசாரணைத் தலைவர் முன்னால்தான் திறக்க வேண்டும். நெட் நொண்டும் அந்த நாலாம் கட்டில் பக்கம் நின்று நாலில் தொடுங்கள், உடனே தள்ளுங்கள், 57ஐப் பாருங்கள். முதல் தடவையே வராமல் போகலாம். விடாதீர்கள்.

ஒட்டிய உறை விசாரணைத் தலைவருக்கு. என் முதல் கையெழுத்தை வாபஸ் வாங்கி, குறை என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மேனேஜர் சொன்னதையும் எழுதியிருக்கிறேன்.

நின்றுகொண்டே எழுதுவதால் கையெழுத்து வேறு மாதிரி இருக்கும். நான்தான்.

வாலு


மார்ச் 25, செவ்வாய்

வாலு,

ஒன்பதே முக்கால் வரை கூரியர் வரவில்லை. உன் அண்ணன் கூரியர் ஆபீசுக்கே பைக்கில் போய், பையைக் கொட்டித் தேடச் சொல்லி, பெட்டியோடு பத்து பத்துக்கு வந்து நின்றார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

தலைவர் பெரிய டாக்டர். உன் கடிதத்தை இரண்டு முறை படித்தார். உன் மேனேஜரும் வந்திருந்தார், “அந்தப் பொண்ணு இவங்க சொந்தக்காரி சார், காப்பாத்தப் பாக்குது” என்றார். டாக்டர், “அப்ப போன் சொல்லட்டும்” என்று எழுந்தார். எல்லோரும் வார்டுக்குப் போனோம். ஒரு மாதம் கழித்து உள்ளே நுழைகிறேன், யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நாலாம் கட்டில் பக்கம் நின்று தொட்டேன், தள்ளினேன். 57 காலி. இன்னொரு தடவை. காலி. உன் மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலு தடவை ஆயிற்று. தலைமை நர்ஸ், “போதும்மா” என்றார்.

அப்போதுதான் பார்த்தேன், எக்ஸ்ரே அறையின் ஈயக் கதவு திறந்திருந்தது. காலையில் ஆள் போய் வந்துகொண்டிருப்பதால் திறந்தே இருக்கும். மாலை ஆறு மணிக்குச் சாத்தியிருக்கும், அந்த ஈயம் நெட்டை மறைக்கும். “சார், அந்தக் கதவைச் சாத்தச் சொல்லுங்க” என்றேன். சாத்தினார்கள். நெட் கோடு இரண்டு இறங்கியது. தொட்டேன். தள்ளினேன்.

57, இன்சுலின், பச்சை டிக்.

டாக்டர் போனை வாங்கி, தானே தொட்டுத் தள்ளிப் பார்த்தார். இரண்டாவது தடவை அவருக்கும் வந்தது. “இதை நம்பித்தான் போடாம விட்டீங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். நாளை முதல் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். செயலியை நிறுத்தி வைத்துவிட்டு, இப்போதைக்குக் காகிதம்.

உனக்கு என்ன ஆயிற்று? எழுது. வேண்டாம், போன் செய். எடுக்கிறேன்.

அண்ணி


மார்ச் 29, சனி

அண்ணி,

போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். வேலை போய்விட்டது. மேஜையைக் காலி செய்ய அரைமணி நேரம் கொடுத்தார்கள், பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. உங்கள் வார்டுப் படத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டேன்.

தையற்காரம்மா எப்படி இருக்கிறார்? அதை மட்டும் சொல்லுங்கள். ராத்திரி படுத்தால் அதுதான் வருகிறது.

வாலு


ஏப்ரல் 2, புதன்

என் வாலுக்கு,

தையற்காரம்மா பிழைத்துவிட்டாள். முந்தாநாள் வார்டுக்குத் திரும்பினாள், அதே 57. பாதியாக இளைத்திருக்கிறாள். ஆனால் என்னைப் பார்த்ததும் அதே சிரிப்பு.

பக்கத்தில் உட்கார்ந்தேன். உன் செயலியைப் பற்றி, டிக்கைப் பற்றி எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு, “அன்னிக்கு மாத்திரை குடுத்தப்ப, ஊசி இல்லையாம்மான்னு கேக்க வாயெடுத்தேன். நீ போனையே பாத்துக்கிட்டிருந்தே. சரி, அவசரம் போலன்னு விட்டுட்டேன்” என்றாள். கோபமே இல்லை அவள் குரலில். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

ஒரு கை தூரத்தில் படுத்திருந்தாள், வாலு. விழித்திருந்தாள். ‘ஊசி போட்டாங்களா?’ என்று இரண்டு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்தது. நீ நாலு விநாடியைத் தவறவிட்டாய். நானும் அவ்வளவுதான் தவறவிட்டேன். இதை நான் விசாரணையில் சொல்லவில்லை. எனக்கே அப்போது தெரியாது.

நீ வேலையைப் பறிகொடுத்து உண்மையை எழுதியிருக்கிறாய். அதன் மறைவில் நான் மட்டும் சுத்தமாக நிற்க முடியுமா? நேற்று டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். “யாரும் கேக்கலையேம்மா” என்றார். எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். என் பைலில் ஒரு எச்சரிக்கை ஏறியிருக்கிறது. இருக்கட்டும்.

உன் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை ரயிலடிக்கு வருவார். உன் அறையில் இருந்த துணிக்குப்பையை எல்லாம் எடுத்தாயிற்று. சும்மா இருக்கக் கூப்பிடவில்லை. ஒரு மாலை என் பின்னாலேயே நீ வார்டைச் சுற்ற வேண்டும், அறுபது கட்டிலும். அப்புறம் எந்தக் கம்பெனிக்கு வேண்டுமானாலும் பட்டியல் எழுது.

இன்று மாலையும் நான் இடது ஒன்று, வலது ஒன்று என்றுதான் போனேன். 57 வந்தது. காகிதத்தில் டிக் இருந்தது, மதிய நர்ஸின் கையெழுத்தோடு. ஆனாலும் நின்று, “இன்சுலின் போட்டாங்களாம்மா?” என்று கேட்டேன்.

“உன் கையில இருக்கற தாள்ல பாரேன், இருக்குமே” என்றாள்.

“தாள் கிடக்கட்டும். நீங்க சொல்லுங்க” என்றேன்.

அண்ணி